அம்மா பால்கோவா சாப்பிடவில்லை

எங்கள் வீட்டுப் பரணில் ஓர் எவர்சில்வர் தூக்குச்சட்டி இருக்கிறது. ஒரு பக்கம் நசுங்கியது, மூடி மட்டும் இறுக்கமாக உட்காரும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆவணி மாதத்தில் ஒரு சாயங்காலம், அக்கா அதை அடுப்படி அலமாரியிலிருந்து எடுத்து, ஸ்டூல் போட்டு ஏறிப் பரணில் வைத்தாள். உள்ளே பிள்ளைகளுக்காக வாங்கிய பால்கோவா. பக்கத்திலிருந்த சீனி டப்பாவும் மேலே போனது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். "நான் தொடலய்யா" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததே ஒரு பதில் என்று அம்மாவுக்குத் தெரியும். அவள் பேசாமல் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இது புரியும். பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்தால் வழியெல்லாம் பால்கோவா வாசனைதான். இந்த ஊரில் பதினாறு வருடம் சுகரோடு வாழ்ந்தவள் அம்மா. ஒரு நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டு, தேதி, வெறும் வயிறு, சாப்பிட்ட பின் என்று மூன்று பத்தி. நீல மையில் எழுதுவாள். எண் 180-ஐத் தாண்டினால் சிவப்பு மை. காலையும் ராத்திரியும் மெட்ஃபார்மினும் கிளிமிப்ரைடும் சேர்ந்த ஒரே மாத்திரை. அந்த நோட்டில் சிவப்பு மை அதிகம் இருந்ததே கிடையாது. அப்படிப்பட்டவளை, ஒரு சட்டியைப் பரணில் ஏற்றித் திருடி ஆக்கினோம். அவள் சொன்னது உண்மை என்று தெரியவர ஐந்து மாதம் ஆயிற்று. அதைத்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பைகள்

வைகாசியில் இருமல் தொடங்கியது. மூன்று வாரமாகியும் நிற்கவில்லை. சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டது. சளியை சிபிநாட் கருவியில் வைத்துப் பார்த்தார்கள். காசநோய். இரண்டே மணி நேரத்துக்குள் முடிவு சொல்லிவிடும் கருவி அது. கிருமி இருக்கிறதா என்று மட்டும் அது பார்ப்பதில்லை. கிருமியின் ஆர்.பி.ஓ.பி. என்ற மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு சிறு பகுதியை வாசித்து, அதில் எழுத்து மாறியிருக்கிறதா என்றும் பார்க்கிறது. மாறியிருந்தால் ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான மருந்து அந்தக் கிருமியிடம் பெரும்பாலும் பலிக்காது. அம்மாவின் கிருமியில் மாறவில்லை. "நல்ல செய்தி, ஆறு மாசத்துல சரியாயிரும்" என்றார் அரசு மையத்தில் இருந்த பணியாளர். ஆனி முதல் வாரத்தில் மாத்திரை தொடங்கியது. முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது என்று அம்மா பயந்துபோனாள். ரிஃபாம்பிசின் அப்படித்தான் செய்யும், பயப்பட ஒன்றுமில்லை என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். எங்களுக்குத்தான் மறந்துவிட்டது.

இங்கேதான் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். அக்கா மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகருக்கு நாங்கள் போகும் மருத்துவமனை அடுத்த தெருவில். அங்கே சீட்டு போடுகிறவரிலிருந்து மருந்து கொடுக்கிறவர் வரைக்கும் எல்லாரும் தெரிந்தவர்கள், ஒருவருக்கொருவர் சொந்தம். டிபி என்று ஒரு வார்த்தை வெளியே போனால் ஊர் என்ன பேசும் என்று நினைத்து, அங்கே சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். அம்மாவிடமும் சொல்லிவிட்டோம். டிபி மாத்திரை ஒரு மஞ்சள் பையில், சுகர் மாத்திரை மருந்துக்கடைக் கவரில். இரண்டு பைகளும் வேறு வேறு ஆணியில் தொங்கின. அம்மா ஒரே உடம்புதான் என்பது எங்கள் மூளையில் உறைக்கவில்லை.

சுகர் ஏறியது. முதலில் 270, 280. இது எதிர்பார்த்ததுதான். உடம்பில் தொற்று இருக்கும்போது அதை எதிர்க்கச் சுரக்கும் பொருள்களே இன்சுலினை மந்தமாக்கும், கல்லீரல் குளுக்கோஸை அவிழ்த்துவிடும். தொற்று அடங்க அடங்க சுகரும் இறங்க வேண்டும். அம்மாவுக்கு மூன்றாவது வாரமே காய்ச்சல் நின்றது. இருமல் குறைந்தது. முகம் தெளிந்தது. எடை இரண்டு கிலோ ஏறியது. சுகர் மட்டும் இறங்கவில்லை. 246, 251, 238. நோட்டு முழுக்கச் சிவப்பு மை. சுகர் மருத்துவர் கிளிமிப்ரைடைக் கூட்டினார். ஒரு மில்லிகிராம் இரண்டாகி, ஆவணியில் நாலானது. ஹெச்பிஏ1சி பார்த்தோம், 9.6. அவர் கோபக்காரர் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார்: "வாயக் கட்டுறீங்களாம்மா?" அம்மா "கட்டுறேன் சார்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று சாயங்காலம்தான் தூக்குச்சட்டி பரணுக்குப் போனது.

ஹெச்பிஏ1சி என்பது என்ன என்று அப்போது எனக்குச் சரியாகத் தெரிந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன். ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ், எந்த நொதியின் உதவியும் இல்லாமல், தானாகவே ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது அந்தச் சிவப்பணு சாகும் வரை, அதாவது சுமார் 120 நாள், அப்படியே இருக்கும். அதனால்தான் இரண்டு மூன்று மாதக் கணக்கை ஒரே எண்ணில் சொல்ல முடிகிறது. சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் இப்படி ஒரு வித்தியாசமான ஹீமோகுளோபின் இருப்பதை 1968-ல் டெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பார் கவனித்தார். உலகமே இன்றைக்கு அந்தச் சோதனையை நம்பி நிற்கிறது. நம்பத் தகுந்ததுதான். ஆனால் அது குளுக்கோஸ் எவ்வளவு இருந்தது என்று மட்டும்தான் சொல்லும். அது பால்கோவாவிலிருந்து வந்ததா, மாத்திரை வேலை செய்யாமல் போனதால் வந்ததா என்று சொல்லாது. அந்த இரண்டாவது பாதியை நாங்களே எழுதிக்கொண்டோம்.

மார்கழி, விடியற்காலை மூன்றேகால்

ஆறு மாதம் முடிந்து டிபி மாத்திரையை நிறுத்தினார்கள். சளியில் கிருமி இல்லை. மஞ்சள் பையை அம்மாவே மடித்து வைத்தாள். அதன் பிறகு அவள் கொஞ்சம் சோர்வாக இருந்தாள், சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் கை நடுங்குகிறது என்றாள். நோட்டில் எண்கள் இறங்க ஆரம்பித்திருந்தன. 150, 128, 96. ஒருவழியாக வாயைக் கட்டிவிட்டாள் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். இதை எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

மாத்திரை நிறுத்தி இருபது நாள் இருக்கும். கோவில் ஒலிபெருக்கி இன்னும் தொடங்காத நேரம். அம்மாவின் கட்டில் பக்கம் ஏதோ முனகல் சத்தம். தொட்டால் மார்கழிக் குளிரில் உடம்பு தெப்பமாக நனைந்திருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், என்னைத் தெரியவில்லை. விரலில் குத்திப் பார்த்தேன். 47. சீனித் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று தெரியும். அடுப்படிக்கு ஓடினேன். சீனி டப்பா அலமாரியில் இல்லை. அது பரணில் இருந்தது. இருட்டில் ஸ்டூலைத் தேடி, ஏறி, டப்பாவை எடுத்து, கை நடுக்கத்தில் பாதியைத் தரையில் கொட்டி, தம்ளரில் கரைத்துக்கொண்டு வந்தேன். அதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது. எனக்கு அது இன்னும் முடியாத மாதிரி இருக்கிறது. நல்லவேளை, விழுங்கும் நினைவு அவளுக்கு இருந்தது.

மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கிளிமிப்ரைடு நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து, ஒரு தடவை ஏறின சுகர் மறுபடி இறங்கலாம், அதனால் ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் இரவுப் பணியில் இருந்த மருத்துவர். ரொம்பச் சின்ன வயது, எங்கள் அக்கா மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். என்னென்ன மாத்திரை என்று கேட்டார். சுகர் மாத்திரை மட்டும்தான் என்றேன். எழுதிக்கொண்டார். அப்புறம் நிமிர்ந்து, "சமீபத்துல நிறுத்தின மாத்திரை ஏதாவது இருக்கா?" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தரையைப் பார்த்தாள். அந்த நேரத்திலும் எங்களுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. கட்டிலில் படுத்திருந்த அம்மாதான் சொன்னாள். குரல் கரகரத்தது. "டிபிக்கு ஆறு மாசம் மாத்திரை போட்டேம்மா. முடிஞ்சு இருபது நாளாச்சு."

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தார். சுகர் நோட்டைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஆனியில் தொடங்கிய சிவப்பு மையை விரலால் தொட்டு, மாத்திரை கூட்டின தேதிகளைக் கேட்டுக் கேட்டுக் குறித்தார். "ரிஃபாம்பிசின் சுகர் மாத்திரைய உடம்புலேருந்து சீக்கிரமா வெளியேத்திரும். அதனால அப்போ சுகர் எறங்கல. இப்போ அத நிறுத்தியாச்சு, கூட்டின சுகர் மாத்திரை அப்படியே இருக்கு. அதான் விழுந்திருச்சு." அம்மாவைப் பார்த்து, "உங்க மேல தப்பில்லம்மா" என்றார். அவர் யதார்த்தமாகச் சொன்னது அது. எங்கள் வீட்டுக் கதை அவருக்குத் தெரியாது. அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

கல்லீரலுக்குள் நடந்தது

அதற்கப்புறம் நான் தேடித் தேடிப் படித்தேன். கல்லீரல் அணுக்களுக்குள் பி.எக்ஸ்.ஆர். என்று ஒரு புரதம் இருக்கிறது. காவல்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். உடம்புக்குப் பழக்கமில்லாத பொருள் ஏதாவது வந்து அதில் பொருந்தினால், அது மரபணுக்களைத் தட்டி எழுப்பி, வேற்றுப்பொருளைச் சிதைக்கும் நொதிகளைக் கூடுதலாகச் செய்யச் சொல்லும். விஷத்தைத் தின்றுவிட்டால் உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருக்கும் ஏற்பாடு. ரிஃபாம்பிசின் அந்தப் புரதத்தில் கச்சிதமாகப் போய்ப் பொருந்துகிறது. ஒன்றிரண்டு வாரத்தில் நொதிகளின் உற்பத்தி உச்சத்துக்குப் போய்விடும். அந்த நொதிகளில் ஒன்று சி.ஒய்.பி. 2சி9. கிளிமிப்ரைடைச் சிதைப்பது அதன் வேலை. அம்மா விழுங்கிய மாத்திரை சரியான மாத்திரைதான், சரியான நேரத்துக்குத்தான் விழுங்கினாள். அது வேலை செய்ய வேண்டிய நேரத்துக்குள் கல்லீரல் அதில் ஒரு பகுதியை உடைத்துப் போட்டுவிட்டது. மருந்தை நிறுத்தினால் இந்த நொதிகள் பழைய அளவுக்குத் திரும்ப ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அம்மா விழுந்த நாள் அந்தக் கணக்குக்குச் சரியாக உட்காருகிறது.

எவ்வளவு குறைக்கும்? ஆரோக்கியமான ஆட்களுக்குச் சில நாள் ரிஃபாம்பிசின் கொடுத்துவிட்டு அளந்து பார்த்த ஆய்வுகளில், உடம்புக்குக் கிடைத்த கிளிமிப்ரைடு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த கிளிக்லசைடு சுமார் 70 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் இந்த நொதிகளிடம் போவதே இல்லை, சிதையாமல் அப்படியே சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடும். இன்சுலினுக்கும் இந்தத் தொல்லை இல்லை. அம்மாவின் சுகர் அத்தனைக்கும் ரிஃபாம்பிசின் ஒன்றே காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். பசி திரும்பி வந்து சோறு கூடச் சாப்பிட்டாள், நுரையீரல் அழற்சி முழுக்க அடங்கவும் நாளாகியிருக்கும். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஏற்றின, ஒன்றாக விலகின. கூட்டிய மருந்து மட்டும் விலகாமல் நின்றது.

இந்தப் பி.எக்ஸ்.ஆர். புரதத்தை 1998-ல்தான் அடையாளம் கண்டார்கள். அதில் ஒரு விசேஷம், எலிக்கு இருக்கும் பி.எக்ஸ்.ஆர். ரிஃபாம்பிசினைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. மருந்து போய் உட்காரும் பள்ளத்தில் சில அமினோ அமிலங்கள் மனிதனுக்கும் எலிக்கும் வேறு. எலியை மட்டும் வைத்து ஆராய்ந்தால் இந்த விஷயம் கண்ணில் படாமலே போயிருக்கும். மனிதர்களைக் கவனித்ததால்தான் தெரிந்தது. 1971-ல் ஜெர்மனியில், ரிஃபாம்பிசின் சாப்பிட்ட பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யவில்லை, இடையில் ரத்தப்போக்கு வந்தது என்று மருத்துவர்கள் எழுதினார்கள். காரணம் அதேதான், கல்லீரல் அந்த ஹார்மோனையும் வேகமாகச் சிதைத்தது. அந்தக் கட்டுரை வருவதற்கு முன்னால், "மாத்திரையை ஒழுங்காப் போட்டியா?" என்று எத்தனை பெண்களைக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவர்களும் "போட்டேன்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சேத்துப்பட்டில் கேட்ட கேள்வி

இந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரு பழைய கதை உண்டு. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அதுவரை காசநோய் என்றால் சானடோரியம், மாதக்கணக்கில் படுக்கை, சத்தான சாப்பாடு, சுத்தமான காற்று. தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. நெரிசலான வீட்டில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு இருக்கும் ஏழை நோயாளிக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தால் குணமாகுமா என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. நோயாளிகளைப் பாதி வீட்டிலும் பாதி சானடோரியத்திலும் வைத்துப் பார்த்து, 1959-ல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே அளவு பலித்தது. கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியாக அது ஒரு முக்கியமான காரணம். அம்மா தன் கட்டிலில் படுத்தே டிபிக்கு மாத்திரை சாப்பிட முடிந்ததும் அதனால்தான்.

வீட்டில் மாத்திரை கொடுத்தால், விழுங்குகிறார்களா என்ற சந்தேகம் வராமல் இருக்குமா? அவர்களுக்கும் வந்தது. சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். ஆனால் அவர்கள் அத்தோடு நிறுத்திவிடவில்லை. இன்னொரு பக்கமும் பார்த்தார்கள். ஐசோனியசிட் என்ற மருந்தைச் சிலருடைய கல்லீரல் வேகமாகச் செயலிழக்க வைக்கிறது, சிலருடையது மெதுவாக. அது பிறவியிலேயே வருவது. இன்று என்.ஏ.டி.2 மரபணு என்று சொல்கிறோம். சென்னை நோயாளிகளிடம் இதை அளந்து 1961-லேயே எழுதினார்கள். பின்னால் வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வில், வேகமாகச் செயலிழக்க வைப்பவர்களுக்குக் குணம் குறைவாகவே கிடைத்தது. தினமும் கொடுக்கும்போது அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. அதாவது, ஊசியும் மாத்திரையும் கண் முன்னால் போட்டுக்கொண்ட மனிதருக்கும் குணமாகாமல் போகலாம், அதற்கு அவர் பொறுப்பில்லை. குடிசைவாசிகளின் சொல்லை மதித்து அதற்கு ரசாயனக் காரணம் தேடிய அந்த ஆட்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை இருக்கிறது. எங்கள் வீட்டில் நாங்கள் மாத்திரை எண்ணியதோடு நின்றுவிட்டோம். சட்டியையும் ஒளித்து வைத்தோம்.

தமிழ்நாட்டில் 2012-ல் வெளியான ஒரு ஆய்வில் காசநோயாளிகளில் நாலில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. ஆக, இந்த இரண்டு பைகளும் தொங்கும் வீடு எங்கள் வீடு மட்டும் இருக்க முடியாது. படிக்கிறவர்கள் வீட்டில் அப்படி இருந்தால், தயவுசெய்து இரண்டு பையையும் ஒரே மேஜையில் கொட்டி இரண்டு மருத்துவரிடமும் காட்டுங்கள். மாத்திரை தொடங்கும்போது ஒரு தடவை, முடிக்கும்போது இன்னொரு தடவை. முடிக்கும்போதுதான் எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

அம்மா வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து, படித்ததையெல்லாம் அவளிடம் உட்கார்ந்து சொன்னேன். காவல்காரன், நொதி, இரண்டு வாரக் கணக்கு, ஜெர்மனிப் பெண்கள், எல்லாம். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். நடுவில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்: "அப்போ அந்த நாலு மில்லிகிராமும் எனக்கு அன்னைக்குத் தேவப்பட்டுச்சா இல்லையா?" நல்ல கேள்வி. அன்றைக்குத் தேவைப்பட்டது, அப்புறம் தேவைப்படவில்லை என்றேன். தலையை ஆட்டினாள். கீரைக் காம்புகளை முறத்தில் ஒதுக்கினாள். நான் மன்னிப்பு கேட்க வாயெடுத்தபோது, "இதையெல்லாம் ஒங்கக்காகிட்ட சொல்லிட்டியா?" என்றாள்.

சொல்லவில்லை. அப்போதே போனைப் போட்டேன். அக்கா எதிர்முனையில் முழுவதும் கேட்டாள். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் குக்கர் விசில் அடித்தது, அதையும் அவள் போய் அணைக்கவில்லை. முடித்ததும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அம்மா பக்கத்துல இருக்காளா? குடு" என்றாள். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.